ஒரு சின்ன ‘தி’ செய்த வேலை

காய்ச்சலில் கிடந்த என் பெண்ணை அழைத்துப் போக ஹாஸ்டலுக்குப் போன அவள் அத்தையை, வாசலிலேயே நிறுத்தி வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரோ விரோதி செய்த காரியம் இல்லை, சகோதரிகளே. நானே நல்ல பேனாவில், கோடு போட்ட காகிதத்தில், அழகாக எழுதிக் கொடுத்த கடிதம் செய்த காரியம்!

விஷயத்தைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கரியாலூரில், கல்வராயன் மலை மேல். என் கணவருக்கு இங்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை. பெண் ஒன்பதாவது வந்ததும், கீழே ஒரு டவுனில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்து, அங்கேயே ஹாஸ்டலிலும் விட்டோம். என் நாத்தனார் கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். ஹாஸ்டலுக்கும் அவள் வீட்டுக்கும் பஸ்ஸில் அரைமணி நேரம்தான். நாங்களோ மலைமேல். அடைமழையில் பாதையில் மண் சரிந்தால் பஸ் வராது. செல்போன் டவரும் அந்தச் சமயம் பார்த்துப் படுத்துவிடும். அதனால், அவசரம் என்றால் அத்தை வந்து பெண்ணை அழைத்துப் போகட்டும் என்று ஏற்பாடு. பள்ளியில் இதை எழுத்து மூலம் கேட்டார்கள். அதுவும் இங்கிலீஷில்.

நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷில் அறுபத்தெட்டு மார்க் வாங்கியவள். அந்தத் தைரியத்தில் நானே உட்கார்ந்தேன். முதலில் தமிழில் மனசுக்குள் வாக்கியத்தை அமைத்துக்கொண்டேன். ‘நாங்கள் வர முடியாத சமயங்களில் என் மகள் அவள் அத்தையின் பொறுப்பில் இருப்பாள்.’ பொறுப்பு என்றால் சார்ஜ். பொறுப்பில் என்றால் இன் சார்ஜ். அத்தையின் என்றால் ஆஃப் ஹெர் ஆன்ட். ஆகவே, ‘மை டாட்டர் வில் பி இன் சார்ஜ் ஆஃப் ஹெர் ஆன்ட்.’ எழுதி முடித்து அவரிடம் காட்டினேன். “பலே, வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கே!” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழை வந்தது. நாங்கள் பயந்தபடியே பாதை அடைபட்டது, போனும் இல்லை. பெண்ணுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து நாத்தனாருக்குத் தகவல் போயிருக்கிறது. அவள் பாவம், அப்போதுதான் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தாள். அந்தக் காலோடு பஸ் ஏறிப் போனாள். புதிதாக வந்த வார்டன். ஃபைலை எடுத்தார், என் கடிதத்தைப் படித்தார், நாத்தனாரின் கால் கட்டைப் பார்த்தார்.

“ஏம்மா, இந்தப் பொண்ணு உங்களைப் பார்த்துக்கற பொறுப்புல இருப்பான்னு அவங்க அம்மாவே எழுதியிருக்காங்க. காய்ச்சல்ல கிடக்கற பிள்ளையை உங்களுக்குப் பணிவிடை பண்ண அனுப்ப முடியாதும்மா. அப்பா அம்மா வரட்டும்” என்று சொல்லிவிட்டார்.

நாத்தனார் எட்டாவது படித்தவள். கடிதத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? “எங்க அண்ணி அப்படி எழுதியிருக்க மாட்டாங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். பாதை சரியாகி நாங்கள் இறங்கிப் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். குழந்தை வதங்கிய கீரைத்தண்டு மாதிரி கிடந்தாள். ரத்தப் பரிசோதனையில் டைபாய்டு என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள். வார்டன் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். கடிதத்தில் இருந்ததைத்தான் அவர் படித்தார். இன்னும் சொன்னால், பிள்ளைக்காக மல்லுக்கட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த என் பெரியம்மா, ரிடையர்டு இங்கிலீஷ் டீச்சர். நான் அழுதுகொண்டே கடித விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் சிரித்துவிட்டார்.

“அடி அசடே, உன் பொண்ணை அத்தைக்கு வார்டன் ஆக்கிட்டியேடி! இன் சார்ஜ் ஆஃப் என்றால் பொறுப்பு வகிப்பது. இன் தி சார்ஜ் ஆஃப் என்றால் ஒருத்தர் பொறுப்பில் இருப்பது. நடுவில ஒரு ‘தி’ போட்டிருந்தா குழந்தை அன்னிக்கே வீடு வந்து சேர்ந்திருப்பா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ‘தி’யா? இருக்கட்டும், போகட்டும் என்று நாம் விட்டுவிடுகிற அந்தக் குட்டி ‘தி’யா?

“இதிலே உன் தப்பு எதுன்னு பாரு” என்று பெரியம்மா தொடர்ந்தார். “ஸ்பெல்லிங் சரி. கிராமர் சரி. வாக்கியமும் சரி. ஆனா நீ சொல்ல வந்ததுக்கு நேர்மாறான வாக்கியம். தப்பா எழுதியிருந்தாக்கூட வார்டன் ‘ஏதோ உளறியிருக்கா’ன்னு விசாரிச்சிருப்பா. நீ சரியா எழுதினதுதான் வினை.”

அன்றைக்கு ஆரம்பித்த பாடம் இது. ஆஸ்பத்திரி பெஞ்சில் எட்டு நாள் பெரியம்மாவிடம் படித்தேன். பிறகும் விடவில்லை. பிள்ளைகளுக்கு லீவு லெட்டர், அனுமதிக் கடிதம், ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கடிதம் என்று நாம்தானே எழுத வேண்டியிருக்கிறது? அதனால் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் சங்கடத்துக்கு மூலகாரணம், நம் தமிழ் பின்னால் கட்டும், இங்கிலீஷ் முன்னால் கட்டும் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு படித்தோமே, நினைவிருக்கிறதா? ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நெட்டுருப் போட்டோம். வேற்றுமை எட்டில் முதலுக்கும் கடைசிக்கும் உருபு கிடையாது, நடுவில் உள்ள ஆறுக்கும் உண்டு. இவை பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷ்காரர்கள் இந்த வேலையை இன், ஆன், அட், டு, ஃபார், பை, வித் என்று தனித்தனிச் சொல்லாகப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். அதைத்தான் பிரிபொசிஷன் என்கிறார்கள். வாலைப் பிடித்துத் தலையில் வைத்துவிட்டால் இங்கிலீஷ் ஆகிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் சறுக்குகிறது.

நம் ‘கு’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மருந்து கொடுத்தேன், காய்ச்சலுக்கு மருந்து, தட்டம்மைக்குத் தடுப்பூசி, ஒன்பது மணிக்கு வந்தாள். நமக்கு நாலும் ‘கு’தான். இங்கிலீஷில் குழந்தைக்கு டு, காய்ச்சலுக்கு ஃபார், தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று என்னும்போது அகெய்ன்ஸ்ட், ஒன்பது மணிக்கு அட். ஒரே கரண்டியால் சாம்பாரும் ஊற்றி, தயிரும் ஊற்றி, பாயசமும் ஊற்றுகிற வீட்டிலிருந்து, ஆளுக்கொரு கரண்டி வைத்திருக்கிற வீட்டுக்கு மருமகளாகப் போன கதை!

இங்கிலீஷை மட்டும் திட்டாதீர்கள். நம் தமிழும் லேசுப்பட்டதில்லை. ‘குழந்தை கண்ணில் பட்டாள்’ என்றால் பார்த்தோம். ‘குழந்தைக்குக் கண் பட்டது’ என்றால் உப்பு மிளகாய் சுற்றிப் போட ஓடுகிறோம். ‘கையில் வாங்கி வா’ வேறு, ‘கையோடு வாங்கி வா’ வேறு. ஒரு வெள்ளைக்காரன் அகராதியை வைத்துக்கொண்டு ‘கையோடு’ என்பதற்கு அர்த்தம் தேடினால், உடனே என்று அவனுக்கு எப்படிப் புரியும்? நாம் இதையெல்லாம் இலக்கணம் பார்த்தா பேசுகிறோம்? முழுக் கோர்வையாக அம்மா வாயிலிருந்து கேட்டோம், முழுக் கோர்வையாகச் சொல்கிறோம்.

பெரியம்மா சொன்ன சூட்சுமமும் அதுதான். “பூவைத் தனித்தனியா எண்ணாதே. சரமா எடு.” அதாவது இன், சார்ஜ், ஆஃப் என்று மூன்று வார்த்தையாகப் பார்க்கக் கூடாது. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்று ஒரே வார்த்தையாகப் பார்க்க வேண்டும். ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்பது இன்னொரு தனி வார்த்தை.

இதே மாதிரி இரட்டைப் பிள்ளைகள் இன்னும் உண்டு. ‘இன் பொசெஷன் ஆஃப்’ என்றால் ஒரு பொருளை வைத்திருப்பவர். ‘இன் தி பொசெஷன் ஆஃப்’ என்றால் ஒருவரிடம் இருக்கிற பொருள். வீட்டுப் பத்திரம் என் மாமியாரிடம் இருக்கிறது என்று பாங்குக்கு எழுதும்போது ‘தி’யை விட்டால், பத்திரத்தின் கையில் மாமியார் போய்விடுவார்! ‘இன் கேஸ் ஆஃப்’ என்றால் அப்படி ஒன்று நேர்ந்தால். ‘இன் கேஸ் ஆஃப் ஃபயர்’ என்று சினிமாக் கொட்டகையில் பார்த்திருப்பீர்களே, தீப்பிடித்தால் என்று அர்த்தம். ‘இன் தி கேஸ் ஆஃப்’ என்றால் இன்னாரைப் பொறுத்தவரை. என் மகளைப் பொறுத்தவரை என்று எழுத நினைத்து ‘இன் கேஸ் ஆஃப்’ போட்டால், என் மகள் என்னும் விபத்து நேர்ந்தால் என்று ஆகிவிடும். ‘இன் ஃப்ரன்ட் ஆஃப்’ என்றால் பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில். ‘இன் தி ஃப்ரன்ட் ஆஃப்’ என்றால் பஸ்ஸுக்குள்ளேயே முன்பக்கம். எங்கே நிற்கப் போகிறோம் என்பது உயிர் போகிற விஷயம்.

‘தி’ விவகாரம் இல்லாமல், சாயல் ஒன்றாக இருந்து ஏமாற்றுகிறவையும் உண்டு. ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’ என்றால் இன்னொருவர் சார்பில். ‘ஆன் தி பார்ட் ஆஃப்’ என்றால் இன்னார் தரப்பில். பெண் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிறோம். ‘தவறு என் மகள் தரப்பில்’ என்பதற்கு ‘ஆன் பிஹாஃப் ஆஃப் மை டாட்டர்’ என்று போட்டால், மகளுக்குப் பதிலாக வேறு யாரோ போய்த் தவறு செய்துவிட்டு வந்ததாகத் தொனிக்கும். ‘இன் வியூ ஆஃப்’ என்றால் இதைக் கருதி. ‘வித் எ வியூ டு’ என்றால் இந்த நோக்கத்தோடு. ‘இன் லூ ஆஃப்’ என்றால் இதற்குப் பதிலாக. கடிதத்துக்குக் கனம் சேரட்டும் என்று இந்த மூன்றாவதை எதற்கெடுத்தாலும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘அவள் உடல்நிலையைக் கருதி லீவு கொடுங்கள்’ என்பது ‘அவள் உடல்நிலைக்குப் பதிலாக லீவு கொடுங்கள்’ என்று ஆவது இப்படித்தான்.

தேதி விஷயத்தில் நான் ரொம்ப ஜாக்கிரதை. நமக்கு ‘பதினைந்தாம் தேதிக்குள்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. உள் என்றால் இன், அதனால் ‘வித்தின் ஃபிஃப்டீன்த்’ என்று எழுதிவிடுகிறோம். பதினைந்து நாளுக்குள் என்றால்தான் ‘வித்தின்’. குறிப்பிட்ட தேதிக்குள் என்றால் ‘பை’ அல்லது ‘ஆன் ஆர் பிஃபோர்’. ‘டில்’ போட்டால் அது ‘வரை’ ஆகிவிடும். பதினைந்தாம் தேதிக்குள் பணம் கட்டுகிறேன் என்பதும், பதினைந்தாம் தேதி வரை பணம் கட்டிக்கொண்டே இருக்கிறேன் என்பதும் ஒன்றா, சொல்லுங்கள்? லீவுக் கடிதத்தில் பத்து முதல் பதினான்கு வரை என்று எழுதினால், பதினான்காம் தேதி சேர்த்தியா இல்லையா என்று சந்தேகம் வரும். ஆபீஸ்காரர்கள் ‘போத் டேய்ஸ் இன்க்ளூசிவ்’ என்று ஒரு வால் சேர்ப்பது அதற்காகத்தான். நாமும் சேர்த்துவிடலாம், குறைந்தா போய்விடுவோம்?

அப்புறம், ‘மூணு நாளாக் காய்ச்சல்’. இதை ‘ஃப்ரம் த்ரீ டேய்ஸ்’ என்றும் ‘சின்ஸ் த்ரீ டேய்ஸ்’ என்றும் எழுதாதவர்கள் நம்மில் யார்? எத்தனை நாளாக என்று கணக்குச் சொன்னால் ‘ஃபார்’. எந்த நாளிலிருந்து என்று சொன்னால் ‘சின்ஸ்’. ‘ஃபார் த்ரீ டேய்ஸ்’, ‘சின்ஸ் மண்டே’. அவ்வளவுதான்.

உடம்பு சம்பந்தப்பட்ட சரங்களை மட்டும் ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இளம் தாய்மார்களுக்கு அடிக்கடி வேண்டியிருக்கும். சஃபரிங் என்றால் பின்னாலேயே ஃப்ரம் வரும். அலர்ஜிக் என்றால் டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தது அட்மிட்டட் டு, வெளியே வந்தது டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம், தேறியது ரிக்கவர்ட் ஃப்ரம். ‘ட்ரீட்டட் ஃபார் டைபாய்டு’ என்றால் டைபாய்டுக்கு வைத்தியம். ‘ட்ரீட்டட் வித்’ என்று போட்டால் பின்னால் மருந்தின் பெயர்தான் வரவேண்டும். ஃபாருக்குப் பதில் வித் போட்டு நோயின் பெயரை எழுதினால், டைபாய்டைக் கொடுத்து வைத்தியம் பார்த்ததாக ஆகிவிடும். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று என்பதற்கு ‘மை மதர் வாஸ் ஆபரேட்டட்’ என்று நிறுத்துகிறோம். அதற்குப் பின்னால் ஒரு ‘ஆன்’ வேண்டும். மெஷினைத்தான் ஆன் இல்லாமல் ஆபரேட் செய்வார்கள், அம்மாவை அல்ல!

இதற்கு நேர்மாறாக, வேண்டாத இடத்தில் ஒட்டவைப்பதும் நம் வழக்கம். ‘பற்றிப் பேசினோம்’ என்று தமிழில் சொல்லிப் பழகியதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்கிறோம். டிஸ்கஸ் என்பதிலேயே பற்றி என்பது அடக்கம். அடை மாவில் உப்புப் போட்டாயிற்று என்று தெரியாமல் இன்னொரு கை உப்புப் போட்ட மாதிரி. ‘ஆர்டர் ஃபார்’, ‘அவெய்ட் ஃபார்’, ‘டிஸ்பைட் ஆஃப்’ எல்லாம் அந்த ரகம். இன் ஸ்பைட்டுக்கு ஆஃப் உண்டு, டிஸ்பைட்டுக்கு இல்லை. ‘ரிக்வெஸ்ட்’ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. அங்கே அது பெயர்ச்சொல். ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று வினையாகப் போட்டால் ஃபார் கூடாது.

நாம் மட்டும்தான் அசடு என்று வெட்கப்பட வேண்டாம். பம்பாய்ப் பக்கம் சிவில் சர்வீஸில் இருந்த ஜி.சி. விட்வொர்த் என்ற வெள்ளைக்காரர், இந்தியர்கள் எழுதும் இங்கிலீஷில் உள்ள மரபுப் பிழைகளை ஆராய்ந்து 1907ல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். பிழை செய்தவர்கள் அந்தக் காலத்துப் படித்த கனவான்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள்! நம் வீடுகளில் அண்ணன்மார் வைத்திருந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்த வார்த்தைக்குப் பின்னால் எந்தப் பிரிபொசிஷன் என்று அதில் நீளப் பட்டியல் உண்டு. அதில் ரென் என்பவர் பி.சி. ரென். பம்பாய் மாகாணத்தில் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். பிற்பாடு 1924ல் ‘போ ஜெஸ்ட்’ என்று நாவல் எழுதிப் பெரிய புகழ் அடைந்தவரும் இவரேதான். இலக்கணம் எழுதியவர் கதையும் எழுதினார் என்பதில் எனக்கு ஒரு அலாதித் திருப்தி. ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்யப் பார்த்து நான் தோற்றுப்போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பட்டியல் தலையில் நிற்கவில்லை. வாக்கியமாகப் படித்ததுதான் நின்றது.

பின்னே எப்படித்தான் பழகுவது? நான் செய்வதைச் சொல்கிறேன். பள்ளியிலிருந்தும் பாங்கிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் நமக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைக் கிழித்துப் போடுவதில்லை. அதில் கண்ணில் படும் சரத்தை, முன்னும் பின்னும் ஒரு வார்த்தையோடு சேர்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். ‘வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்’ என்று முழுசாக எழுதுவேன், ‘ரெஃபரன்ஸ் டு’ என்று மொட்டையாக எழுத மாட்டேன். ‘வித் ரிகார்ட் டு’ என்பதில் ரிகார்ட் ஒருமை என்பது அப்படி எழுதியபோதுதான் தெரிந்தது. அதுவரை கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்த்தே எழுதி வந்தேன். கடிதத்தின் அடியில் போடும் அன்பு விசாரிப்புதான் ரிகார்ட்ஸ்.

அடுத்தது, எழுதின கடிதத்தை ஒரு ராத்திரி அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வேறொருவர் எழுதின கடிதம் போல எடுத்து, இங்கிலீஷிலிருந்து தமிழுக்குத் திருப்பிப் பார்ப்பது. தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போகும்போது தெரியாத தப்பு, திரும்பி வரும்போது அகப்பட்டுவிடும். ஆனால் ஒன்று. சரத்துக்கு என்ன அர்த்தம் என்று அகராதியில் பார்த்துத் திருப்ப வேண்டும். நம் மனசில் இருக்கிற அர்த்தத்தைக் கொடுத்துத் திருப்பினால், பழைய தப்பே பல் இளிக்கும். செல்போனில் எழுதினால் தப்புக்குச் சிவப்புக் கோடு போடுமே என்பீர்கள். போடும், எழுத்துப் பிழை இருந்தால். என் கடிதத்தில் எந்த எழுத்து தப்பு, கோடு போட?

நீளமான சரத்தைக் கண்டு மயங்காமலிருப்பதும் முக்கியம். ‘இன் கனெக்‌ஷன் வித்’, ‘இன் ரெஸ்பெக்ட் ஆஃப்’ என்று வரிக்கு வரி அடுக்கினால்தான் மரியாதைக் கடிதம் என்று நாம் நினைக்கிறோம். இங்கிலாந்தில் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் இப்படிச் சுற்றி வளைத்து எழுதுவதைப் பொறுக்க மாட்டாமல், சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்பவர் 1948ல் ‘ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். எழுதச் சொன்னதே அந்த ஊர் நிதி இலாகாதான்! அபௌட் என்று ஒரு வார்த்தை போதுமான இடத்தில் நாலு வார்த்தை எதற்கு என்பதுதான் கேள்வி. எனக்கு இது ரொம்பப் பிடித்த கட்சி. சின்னச் சொல்லில் தப்பு வர இடமும் குறைச்சல். ‘மை டாட்டர் வில் ஸ்டே வித் ஹெர் ஆன்ட்’, என் மகள் அத்தையோடு தங்குவாள், என்று எழுதியிருந்தால் சார்ஜும் வேண்டாம், ‘தி’யும் வேண்டாம்.

அதைவிடச் சின்ன வழி, வேண்டாத இடத்தில் இங்கிலீஷே எழுதாமலிருப்பது. தமிழ்நாட்டில் 1956ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்தான் ஆட்சிமொழி. தாலுகா ஆபீசுக்கும், 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு அங்கே கலெக்டரிடம் திங்கட்கிழமை கொடுக்கிற மனுவுக்கும், தாராளமாகத் தமிழில் எழுதலாம். அங்கேயும் இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு என்று பணம் கொடுத்து எழுதி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தனியார் பள்ளி, இன்ஷூரன்ஸ் கம்பெனி, வெளிமாநிலத்துக் காலேஜ் என்று இங்கிலீஷ் கேட்கிற இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வோம்.

“அர்த்தம் புரிஞ்சா போதாதா? இதுக்குப் போய் இவ்வளவு கஷ்டப்படணுமா?” என்று என் கணவர் கேட்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1909ல் ஓக்கில் சந்திர சென் என்ற வங்காளி, சாஹிப்கஞ்ச் ரயில்வே ஆபீசுக்கு ஒரு புகார் எழுதினார். ரயிலில் வந்தவர், பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போன சமயம் ரயில் கிளம்பிவிட்டது! பிரிபொசிஷன் என்ன, எந்த இலக்கணமும் நேராக இல்லாத இங்கிலீஷ். ஆனால் அவர் பட்ட அவதி ஒவ்வொரு வரியிலும் தெரியும். ரயில் பெட்டிகளில் கக்கூஸ் வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்று சொல்வார்கள். டெல்லி ரயில் மியூசியத்தில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உடைசல் இங்கிலீஷாக இருந்தாலும் அர்த்தம் மாறவில்லை, அதனால் பலித்தது. என் கடிதம் பளிச்சென்றிருந்தும் அர்த்தம் மாறியது. வித்தியாசத்தை என் கணவருக்கு இப்படித்தான் விளக்கினேன். “அப்ப நீ உடைசலாவே எழுதியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்!

எழுதினதை இன்னொருவரிடம் காட்டக் கூச்சப்படாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காந்திஜியின் சுயசரிதையை குஜராத்தியிலிருந்து இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர் மகாதேவ தேசாய். எப்பேர்ப்பட்ட படிப்பாளி! அவரே 1940ல் வந்த இரண்டாம் பதிப்புக்கு முன், மொழிபெயர்ப்பின் நடையை ஒரு பெரியவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினார். தன் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு திருத்திக் கொடுத்த அந்தப் பெரியவர், நம் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியராக இருந்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். மகாதேவ தேசாய்க்கே ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது என்றால், அறுபத்தெட்டு மார்க் வாங்கினவளுக்கு ஒரு பெரியம்மா வேண்டாமா?

பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கடிதத்தைப் போனில் படித்துக் காட்டுகிறேன். காதால் கேட்டே “நிறுத்து, அந்த ஆஃபுக்கு முன்னால என்ன போட்டே?” என்பார்.

என் பெண் இப்போது வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். போன மாசம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். சாமை அறுப்பு நேரம், மகன் படிப்பது வெளிமாநிலத்துக் காலேஜ், லீவில் அவனை அழைத்து வர இவளால் போக முடியாது. அவன் மாமா போய் அழைத்து வருவதற்கு ஒரு கடிதம் வேண்டும், இங்கிலீஷில். எழுதினேன். ‘மை சன் வில் ட்ராவல் இன் தி சார்ஜ் ஆஃப் ஹிஸ் அங்கிள்.’ படம் எடுத்து என் பெண்ணுக்கு அனுப்பி, சரியா பார் என்றேன். வகுப்பில் இருந்தாள் போலிருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

‘சரியா இருக்கும்மா. இந்தத் தடவை மாமா பிழைச்சார்.’